ஹோஸ்டா வளர்ப்பு: பருவத்துக்குப் பருவம் எழும் கேள்விகள்

வடக்குப் பார்த்த பின்வளவு, பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்தின் நிழல், புல்கூடச் சரியாக வராத மண். ரொறன்ரோ சுற்றுவட்டாரத்தில் வீடு வாங்கும் நம்மவர் பலருக்கு இப்படி ஒரு மூலை வாய்த்துவிடுகிறது. அங்கே தக்காளி காய்க்காது, கத்தரி வராது. இலையழகுக்காக வளர்க்கும் ஹோஸ்டாச் செடி வரும். பதினாறு வருடங்களாக வளர்த்து வருகிறேன். ஒவ்வோர் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே பதிலோடு எழுதியிருக்கிறேன். நான் சொல்லும் மாதங்கள் தென் ஒன்ராறியோவுக்கு உரியவை. இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு வசந்தம் முந்தும், இன்னும் குளிரான வின்னிபெக்கில் இருப்பவர்களுக்குப் பிந்தும். அதற்கேற்ப வாரங்களைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள், வரிசை மாறாது.

ஹோஸ்டா எந்த ஊர்ச் செடி?

யப்பான், கொரியா, சீனா. மலைச்சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் காட்டின் ஓரங்களிலும் தானாக வளர்வது. யப்பானியர் இதைக் கிபோஷி என்கிறார்கள். பழைய பாலங்களின் கைப்பிடித் தூண்களில் வெங்காய வடிவில் ஒரு குமிழ் இருக்கும், அதன் பெயர்தான் அது. பூமொட்டு அந்த வடிவில் இருப்பதால் செடிக்கும் அதே பெயர். ஐரோப்பாவுக்கு இதைப் பரவலாகக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், நாகசாகியில் டச்சு வணிக நிலையத்தில் மருத்துவராக இருந்த சீபோல்ட். ஹோஸ்டா என்ற பெயர் 1812இல் ஒஸ்திரியத் தாவரவியலாளர் ஹோஸ்டின் நினைவாக வைக்கப்பட்டது.

நம்மவருக்குச் சொல்ல வேண்டிய இன்னொன்று: இது சாத்தாவாரியின் குடும்பம். அந்தக் குடும்பத்துக்குள்ளும் ஆனைக்கற்றாழைக்கும் மாலை கட்டும் நிலச்சம்பங்கிக்கும் நெருங்கிய உறவு. இதை நினைவில் வையுங்கள், பூவைப் பற்றிப் பேசும்போது திரும்ப வருகிறேன்.

நவம்பரில் செடி முழுவதும் மறைந்துவிட்டது. செத்துப்போயிற்றா?

இல்லை, உறங்குகிறது. ஊரில் மஞ்சள் இலை காய்ந்து சாய்ந்த பிறகும் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு இருக்கிறதே, அப்படித்தான். காந்தள் கொடியும் வறண்ட மாதங்களில் சுவடின்றி மறைந்து மழைக்கு எழும். அவை வறட்சியைத் தூங்கிக் கழிக்கின்றன, ஹோஸ்டா குளிரைத் தூங்கிக் கழிக்கிறது. வின்னிபெக்கின் குளிரையே தாங்கும் செடி, ரொறன்ரோக் குளிருக்கு ஒன்றும் ஆகாது.

செடி இருந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ஏப்ரலில் வேறு எதையோ நடப்போய், மண்வெட்டியால் அதன் முளையைக் கொத்திவிடுவீர்கள்.

வருடம் முழுவதும் அது என்னதான் செய்கிறது?

எல்லாக் கேள்விகளிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றப் பாதிக் கேள்விகளுக்கு விடையை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

ஏப்ரல் கடைசியில் மண் சூடேறத் தொடங்கியதும் கூர்மையான முளைகள் மண்ணைப் பிளந்துகொண்டு வரும். சில ஊதா நிறம், சில வெளிர் பச்சை. ஒவ்வொரு முளையும் இறுகச் சுருண்ட குருத்து. வாழைக்குருத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதே சுருள், அதே விரிதல். மே நடுப்பகுதியில் இலைகள் விரியும், ஜூன் முதல் வாரத்துக்குள் செடி தன் உருவத்தை எட்டிவிடும். ஐந்தாறு வாரத்தில் வெறும் மண்ணிலிருந்து முழங்காலளவு புதர். அந்த வேகத்துக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, தடித்த வேர்களில் சேர்த்து வைத்த சத்து. இரண்டாவது, அந்த இலைகள் வசந்தத்தில் புதிதாக உருவானவை அல்ல. போன கோடையிலும் இலையுதிர் காலத்திலும் இலைக்காம்புகளின் அடியில், மண்மட்டத்தில், மொட்டுக்குள் சிறிதாக உருவாகி மடித்து வைக்கப்பட்டவை. வசந்தம் அவற்றை விரிக்கிறது, அவ்வளவுதான்.

முதல் இலைகள் விரிந்து முற்றிய பிறகு புது வேர்கள் ஓடத் தொடங்கும். பல வகைகளில் கோடையின் முற்பகுதியில் இரண்டாவது தடவையாகச் சில இலைகள் வரும். இவற்றின் நிறமோ வடிவமோ முதல் இலைகளைப் போல இல்லாமல் இருக்கலாம், பயப்பட வேண்டாம். ஜூன் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை, வகையைப் பொறுத்துப் பூக்கும். வெளியே பூப்பதும் முற்றுவதும் தெரியும்போது, கீழே அடுத்த வருட மொட்டுகள் உருவாகிக்கொண்டிருக்கும். ஒக்டோபரில் இலைகள் பொன்மஞ்சளாகும். முதல் கடும் உறைபனி இரவுக்கு மறுநாள் காலை, வெந்த கீரை போல எல்லாம் தரையில் படிந்து கிடக்கும்.

ஒரு வருடம் ஜூலையும் ஓகஸ்டும் ஊருக்குப் போயிருந்தேன். அந்தக் கோடை கடும் வறட்சி, தண்ணீர் ஊற்ற ஆளில்லை. திரும்பி வந்தபோது செடிகள் கொஞ்சம் வாடியிருந்தன, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். மறு மே மாதம் பன்னிரண்டு முளை வரவேண்டிய தூரில் ஏழுதான் வந்தன, இலைகளும் சின்னன். அந்த மே மாதத்தில் நான் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பயனில்லை. அந்த இலைகளின் எண்ணிக்கை போன ஓகஸ்டிலேயே முடிவாகிவிட்டது. அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: ஹோஸ்டா அழகாக இல்லாத மாதங்களில்தான் அதற்கு உங்கள் கவனிப்புத் தேவை.

ஏப்ரல் முடிந்துவிட்டது, இன்னும் முளை காணவில்லை. தோண்டிப் பார்க்கட்டுமா?

வேண்டாம். வகைக்கு வகை இரண்டு மூன்று வாரம் வித்தியாசம் இருக்கும். வெயில் படும் இடத்தில் முந்தும், வடக்குச் சுவரடியில் பிந்தும். ஜூன் முதல் வாரம் வரை பொறுங்கள். அப்போதும் வராவிட்டால் விரலால் மண்ணை மெல்ல விலக்கிப் பாருங்கள். கெட்டியான மொட்டுத் தட்டுப்பட்டால் மூடிவிடுங்கள். மண்ணுக்குள் சுரங்கம் போல வழியும் கடித்த வேர்த்துண்டுகளும் இருந்தால், வெண்பனிக்கு அடியில் வயல் எலிகள் தின்றுவிட்டன என்று அர்த்தம். அவை உறங்கும் வேரைத்தான் தேடி வரும். அடுத்த முறை நடும்போது சிறுகண் கம்பிவலையைக் குழியின் உள்ளே கூடை போல வளைத்து வைத்து நடுங்கள்.

குருத்து விரிந்த பிறகு உறைபனி வரும் என்கிறார்கள். என்ன செய்வது?

இறுகச் சுருண்டிருக்கும் முளைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. பாதி விரிந்த இலைதான் கருகும். அன்று மாலை வாளியையோ வெறும் பூச்சாடியையோ கவிழ்த்து மூடுங்கள், பழைய படுக்கை விரிப்பும் போதும். பிளாஸ்டிக் தாளை இலைமேல் படும்படி போடாதீர்கள், பட்ட இடம் உறையும். காலையில் எடுத்துவிடுங்கள். மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின விடுமுறை வரைக்கும் இந்த வாளிகளைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பது என் வழக்கம். கருகினாலும் செடி சாகாது. வேரில் மிச்சச் சத்து உண்டு, இன்னும் சில இலைகள் வரும், ஆனால் அந்த வருடம் அழகு குறைந்துதான் இருக்கும்.

கறிவேப்பிலைச் சாடியைப் போல இதையும் குளிர்காலத்தில் வீட்டுக்குள் வைக்கலாமா?

கூடாது. நானும் முதல் வருடம் அப்படித்தான் செய்தேன். இரண்டு சாடிகளையும் யன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், பாசத்தோடு தண்ணீரும் ஊற்றினேன். கறிவேப்பிலை பிழைத்தது. ஹோஸ்டா மெலிந்து, வெளிறி, அடுத்த கோடைக்குள் போய்விட்டது. ஒன்று குளிரில் சாகும், மற்றது குளிர் இல்லாமல் சாகும். ஹோஸ்டாவுக்கு ஏறத்தாழ 5 பாகைக்குக் கீழே ஆறு வாரமாவது ஓய்வு வேண்டும், அந்த ஓய்வு கிடைக்காத மொட்டு ஒழுங்காக விழிக்காது.

இதனால்தான் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இது நிலைக்காது. ஊருக்குக் கொண்டுபோய் நட ஆசைப்பட்டு என்னிடம் கேட்டவர்கள் உண்டு. மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, சாடியில் இருப்பதை எங்கேதான் வைப்பது?

சூடேற்றாத கராஜில். இலைகள் பட்டுப்போன பின், மண் ஓரளவு காய்ந்த நிலையில் உள்ளே வையுங்கள். மாதம் ஒரு தடவை மண் தூளாகப் போகாத அளவுக்கு ஒரு குவளை தண்ணீர் போதும். சாடிச் செடியைக் கொல்வது பெரும்பாலும் ஈரம்தான்: தண்ணீர் தேங்கி உறைந்து, இளகி, மறுபடி உறைந்து தூர் அழுகிவிடும். கராஜ் இல்லாவிட்டால் சாடியைச் சுவரோரமாகப் பக்கவாட்டில் படுக்க வைத்து இலைச்சருகால் மூடுங்கள். சுட்ட மண்சாடி பனியில் வெடிக்கும்.

முழு நிழலில் வளருமா?

உயிரோடு இருக்கும். கடைகளில் நிழல் விரும்பும் செடி என்று எழுதியிருப்பார்கள், நான் நிழலைத் தாங்கும் செடி என்பேன். காலை வெயில் இரண்டு மூன்று மணிநேரம், மதியத்துக்குப் பின் நிழல், இதுதான் பெரும்பாலான வகைகளுக்குப் பிடித்தது. மஞ்சள் இலை வகைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் வேண்டும், இல்லாவிட்டால் வெளிர் பச்சையாகிவிடும். இலையின் நடுவில் வெள்ளை உள்ளவை மதிய வெயிலில் கருகும், ஏனென்றால் அந்த வெள்ளைப் பகுதியில் பச்சையமே இல்லை.

மேப்பிள் மரத்தடியில் நட்டேன். முதல் வருடம் நன்றாக இருந்தது, பிறகு ஒவ்வொரு வருடமும் சிறுத்துக்கொண்டே போகிறது.

நிழல் காரணமல்ல, வேர். நோர்வே மேப்பிளின் வேர்கள் மண்ணின் மேற்பகுதியிலேயே பாய் போலப் பின்னிக் கிடக்கும். நீங்கள் தோண்டிய குழியில் நல்ல மண்ணும் தண்ணீரும் இருப்பதை அறிந்து நேரே அங்கே வந்துவிடும். செடியைத் தூக்கிப் பார்த்தால் ஹோஸ்டா வேரைவிட மர வேர்தான் அதிகம் இருக்கும். அகலமான பிளாஸ்டிக் சாடியில் நட்டு அந்தச் சாடியோடு மண்ணில் புதைத்துவிடலாம், ஓரிரு வருடத்துக்கு ஒரு தடவை சாடியைத் திருப்பிக் கீழ்த் துளைவழி நுழைந்த வேரை அறுக்கவேண்டும். இல்லையேல் தண்டிலிருந்து தள்ளி, கிளைகளின் விளிம்புக்கு அருகே நடுங்கள். எப்படியானாலும் மரத்தடிச் செடிக்குத் தண்ணீர் இரட்டிப்பாகத் தேவை.

நடும் முறை, தண்ணீர், உரம்?

குழி ஆழத்தைவிட அகலம் முக்கியம், வேர் பக்கவாட்டில்தான் ஓடும். மக்கு உரம் தாராளமாகக் கலந்து, மொட்டுகள் மண்மட்டத்தில் இருக்கும்படி நடுங்கள், ஆழமாகப் புதைக்க வேண்டாம். வாரத்துக்கு 2.5 செ.மீ. மழையளவு தண்ணீர், காலையில், தூரடியில். வசந்தத்தில் மெதுவாகக் கரையும் உரம் ஒரு தடவை. ஜூலை நடுப்பகுதிக்குப் பிறகு தழைச்சத்து உரம் போடாதீர்கள், செடி ஓய்வுக்குப் போக வேண்டிய நேரத்தில் இளம் இலை விடத் தூண்டும். மண்மேல் பரப்பும் சருகு மூடாக்கு இரண்டு அங்குலம் போதும், தூரை ஒட்டிக் குவிக்கக் கூடாது.

படத்தில் பார்த்த மாதிரி இல்லையே. கடைக்காரர் மாற்றித் தந்துவிட்டாரா?

பெரும்பாலும் இல்லை. இளம் ஹோஸ்டாவின் இலை சிறிது, நீளம் அதிகம், சுருக்கமோ அலையோ இராது, வண்ண விளிம்பும் மெல்லியது. முழு உருவம் வர ஐந்து வருடம், பெரிய வகைகளுக்கு எட்டு வருடம்கூட ஆகும். ‘எம்பிரஸ் வூ’ என்ற வகை நான்கடி உயரம் வளரக்கூடியது, வாங்கும்போது கைப்பிடியளவு இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை இடம் மாற்றி நட்டுக்கொண்டிருந்தால் அது ஒருபோதும் வளராது. இடத்தைத் தீர்மானித்து நடுங்கள், பிறகு விட்டுவிடுங்கள்.

நீல இலை என்று வாங்கினேன், ஓகஸ்டில் பச்சையாகிவிட்டது.

நீலம் என்பது இலையின் நிறமல்ல. பச்சை இலைமேல் படிந்த மெழுகுப் பூச்சு, திராட்சைப் பழத்தின் மேல் இருக்கும் சாம்பல் பூச்சு மாதிரி. விரலால் தேய்த்தால் போய்விடும். இலை விரியும்போது உருவாகும் அந்தப் பூச்சு, வெயிலிலும் மழையிலும் கோடை முழுவதும் தேய்ந்துகொண்டே போகும். மறு மே மாதம் புது இலையோடு நீலமும் திரும்பும். அதுவரை காக்க விரும்பினால் மதிய வெயில் படாமல், இலைமேல் தண்ணீர் தெளிக்காமல், சவர்க்காரக் கரைசல் அடிக்காமல் வையுங்கள். ‘ஹல்சியன்’ வகை மற்றவற்றைவிட நீண்டகாலம் நீலமாக இருக்கிறது.

மஞ்சள் வகைகளிலும் இப்படி உண்டு. சில பச்சையாக முளைத்துப் பொன்னிறமாகும், சில பொன்னிறமாக முளைத்துப் பச்சையாகும். வாங்கும்போது எந்த மாதத்தில் பார்க்கிறீர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இலையெல்லாம் ஓட்டை.

நத்தை. பெரும்பாலும் ஓடில்லாத வகை, இரவில் வரும். முளை வெளிவரும் வாரத்திலேயே இரும்பு பொஸ்பேட் குறுணையைத் தூவுங்கள், ஏனென்றால் சுருண்ட குருத்தில் ஒரு கடி விழுந்தால் இலை விரியும்போது அது நாலைந்து ஓட்டையாகத் தெரியும். ஒன்ராறியோவில் 2009 முதல் வீட்டுத் தோட்டங்களில் பெரும்பாலான இரசாயனப் பூச்சிகொல்லிகளுக்குத் தடை இருக்கிறது; இந்தக் குறுணைக்குத் தடையில்லை. தடித்த இலை வகைகளை நத்தை அதிகம் தொடாது. இலை முழுவதும் போய்க் காம்பு மட்டும் நின்றால் அது மான், இல்லையேல் முயல். மானுக்கு ஹோஸ்டா விருந்து, வேலியைத் தவிர நிரந்தர வழி நான் கண்டதில்லை.

எந்த நோய்க்குப் பயப்பட வேண்டும்?

ஹோஸ்டா வைரஸ் எக்ஸ். 1996இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அடையாளம் காணப்பட்டது. நரம்புகளை ஒட்டி மை ஊறியது போலக் கருமை பரவும், அந்த இடம் சுருங்கி மேடுபள்ளமாகும். மருந்து கிடையாது. இந்த மைக்கறையை அழகென்று நினைத்து, நோயுற்ற செடிகளையே ‘பிரேக்டான்ஸ்’, ‘லெப்பர்ட் ஃப்ரொக்’ என்று தனி வகைகளாக விற்ற காலம் இருந்தது. சாறு மூலம், அதாவது உங்கள் கத்தி வழியாகவே பரவும். ஆகவே ஒரு செடியை வெட்டிய கத்தியைக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சும் ஒன்பது பங்கு தண்ணீரும் கலந்த கரைசலில் நனைத்த பின்பே அடுத்ததைத் தொடுங்கள். நோயுள்ள செடியை வேரோடு எடுத்துக் குப்பைக்கு அனுப்புங்கள், மக்கு உரக் குவியலில் போடாதீர்கள். அந்த இடத்தில் உடனே வேறு ஹோஸ்டா நடவும் வேண்டாம்.

கோடைக் கடைசியில் நரம்புகளுக்கு இடையே பழுப்புப் பட்டைகள் ஓடினால் அது இலை நூற்புழு. வெக்கையான ஜூலையில் காம்புகள் திடீரெனச் சரிந்து, அடியில் வெண்ணூலும் கடுகு போன்ற மணிகளும் தெரிந்தால் தூரழுகல். ஊரில் நிலக்கடலையைத் தாக்கும் பூஞ்சைதான் இதுவும்.

தூர் பிரிப்பது எப்போது?

முளை ஓரங்குலம் வெளிவந்த வேளையில் ஒரு தடவை வாய்ப்பு, ஓகஸ்ட் கடைசி முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை இன்னொரு தடவை. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்: மண் சூடாக இருக்கும், மழை தொடங்கியிருக்கும், நிலம் உறையுமுன் வேர் பிடிக்க ஆறு வாரமாவது கிடைக்கும். முழுத் தூரையும் தோண்டி எடுத்து, மண்ணைக் கழுவி, எங்கே இயல்பாகப் பிரிகிறது என்று பார்த்து அறுங்கள். ஒவ்வொரு துண்டிலும் மூன்று கண்ணாவது இருக்கட்டும். ஒற்றைக் கண் துண்டும் பிழைக்கும், ஆனால் பழையபடி வளர வருடங்கள் ஆகும்.

பிரித்தே ஆகவேண்டும் என்றில்லை. நடுப்பகுதி வெறுமையாகி வளையம் போல வளர்ந்தால் மட்டும் அவசியம். வண்ண இலைத் தூரில் ஒரு பச்சைக் கண் முளைத்தால் அதை வேரோடு வெட்டி எடுங்கள், பச்சை வேகமாக வளர்ந்து மற்றதை நெருக்கிவிடும்.

பூ மணக்குமா?

ஒரே ஓர் இனம்தான் மணக்கும். சீனாவைச் சேர்ந்த பிளான்டஜினியா, வெள்ளைப் பூ, ஓகஸ்டில் பூப்பது. மற்றவை பகலில் விரியும், இது மாலையில் விரிந்து இரவு முழுவதும் மணக்கும். நிலச்சம்பங்கியின் உறவு என்று முன்பு சொன்னேனே, அந்த மணத்தை நுகரும்போது நம்புவீர்கள். எங்கள் பின்கதவுப் படியோரம் ஒரு தூர் இருக்கிறது. ஓகஸ்ட் இரவில் கதவைத் திறந்தால் கோயில் வாசலில் பூக்கடைப் பக்கம் நிற்பது போல இருக்கும். ‘குவாக்கமோலி’, ‘ரோயல் ஸ்டாண்டர்ட்’ இரண்டும் அதன் வழிவந்தவை, அவையும் மணக்கும். மற்ற வகைகளின் பூத்தண்டை வெட்டுவதும் விடுவதும் உங்கள் விருப்பம், நான் விடுகிறேன், ஹம்மிங் பறவையும் வண்டும் வருகின்றன.

விதையிலிருந்து தாய்ச்செடி போலவே வருமா?

வராது, வண்ண இலை வகைகளின் விதை பெரும்பாலும் வெறும் பச்சையாகத்தான் வரும். வென்ட்ரிகோசா என்ற இனம் மட்டும் விதிவிலக்கு.

சாப்பிடலாமா?

யப்பானில் சாப்பிடுகிறார்கள். வசந்தக் குருத்தை உருய் என்ற பெயரில் காய்கறியாக விற்கிறார்கள். ஆனால் கடையில் வாங்கிய செடியில் என்னென்ன மருந்து அடித்திருப்பார்கள் என்று தெரியாது, அதனால் புதிதாக வாங்கியதைச் சமைக்க வேண்டாம். நாய்க்கும் பூனைக்கும் இது ஆகாது.

காய்ந்த இலைகளை எப்போது அகற்றுவது?

உறைபனியில் முழுதாகப் பட்ட பிறகு. மஞ்சளாகும் இலையும் தன் சத்தை வேருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும், செப்டெம்பரில் வெட்டாதீர்கள். பட்டபின் விட்டுவைக்கவும் வேண்டாம், நத்தை முட்டையும் நூற்புழுவும் அதில்தான் குளிரைக் கழிக்கும்.

வீடு மாறுகிறோம். செடியையும் எடுத்துப் போகலாமா?

செப்டெம்பர் என்றால் தயங்காமல் எடுங்கள். ஜனவரியில் மாறுவதென்றால் நிலம் கல்லாக உறைந்திருக்கும், ஆகவே இலையுதிர் காலத்திலேயே ஒரு பங்கைச் சாடியில் எடுத்து வையுங்கள். வீட்டை விற்பதாக இருந்தால் தரையில் நிற்கும் செடி வீட்டோடு சேர்ந்தது, எதை எடுக்கிறீர்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். முழுத் தூரையும் எடுக்காமல் பாதியை விட்டுப் போனால், வருபவர்களுக்கும் மே மாதத்தில் அந்த மூலையில் குருத்து விரியும்.